ஓர் அடுப்பு, இரண்டு இலக்கங்கள்

2024 ஒக்டோபர் 8, செவ்வாய்க்கிழமை.
பிழை: ஒரு வீட்டை இரண்டு வீடாக எழுதிவிட்டேன். குருநகர், இலக்கம் 31, 32.
காரணம்: அடுப்பைக் கண்ணால் பார்க்கவில்லை. சொன்னதைக் கேட்டு எழுதினேன்.
விளைவு: சிறியது. ஒருவரிடம் கேட்கவேண்டிய கேள்விகளை இருவரிடம் கேட்டாயிற்று.
நாளைய வேலை: பரமலிங்கம் சேருக்குச் சொல்லுதல்.

வகுப்புத் தொடங்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. தர்சிகா ‘சிறியது’ என்ற சொல்லை மறுபடி வாசித்தாள். அதன் கீழே ஒரு கோடு இழுத்தாள். கோடு அதைப் பெரிதாக்கிக் காட்டுவதுபோல் இருக்கவே அழிறப்பரால் தேய்த்துப் பார்த்தாள். பேனாக் கோடு அழியவில்லை. தாள்தான் அந்த இடத்தில் மெலிந்து போயிற்று.

பகலில் ஓர் ஆய்வு நிறுவனத்துக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பதும், மாலையில் யாழ்ப்பாண நகரத்தில் புள்ளிவிபரவியல் டிப்ளோமா படிப்பதுமாக அவளுக்கு ஏழு மாதம் ஓடியிருந்தது. முதல் நாள் வகுப்பில் விரிவுரையாளர், அளக்கிறவன் விடும் பிழையும் அளவுக்குள் சேர்ந்துவிடும், அதனால் தன் பிழையைத் தானே எழுதிவைக்கப் பழகவேண்டும் என்று சொல்லியிருந்தார். மற்றவர்கள் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். தர்சிகா மட்டும் போகிற வழியில் கடையில் ஏறி ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினாள். கோப்பாயில் அவளுடைய வீட்டுக் கேற்றைப் பூட்டிவிட்டு, பத்தடி போனபின் திரும்பிவந்து கொளுவியை இழுத்துப் பார்க்கிறவள் அவள். அந்தக் கொப்பியில் இதுவரை சேர்ந்த பிழைகள் எல்லாம் அந்தக் கொளுவி மாதிரியானவைதான்: வயதை மாறி எழுதியது, கிணற்றின் தூரத்தைக் கேட்க மறந்தது, ஒரு கிழவரிடம் நன்றி சொல்லாமல் வந்தது. பெரிய பிழை விடுவதற்குத் துணிவு வேண்டும், அது தன்னிடம் இல்லை என்று அவள் உள்ளூர நம்பியிருந்தாள்.

இந்தத் தடவைப் படிவத்தில் பத்தாம் பகுதி என்று ஒன்று இருந்தது. பதினைந்து வயதிலிருந்து நாற்பத்தொன்பது வரையான பெண்களுக்கு உரியது. ஐந்தே கேள்விகள். மனைவி சொல்லாமல் வெளியே போனால், பிள்ளைகளைக் கவனிக்காமல் விட்டால், எதிர்த்துப் பேசினால், உறவுக்கு மறுத்தால், சாப்பாட்டைக் கருக்கிவிட்டால், கணவன் அவளை அடிப்பது நியாயமானதா? ஓம் என்றால் ஒன்று. இல்லை என்றால் இரண்டு. தெரியாது என்றால் எட்டு. முன்பு வந்த படிவங்களில் உங்கள் கணவர் உங்களை அடித்திருக்கிறாரா என்றும் கேட்டிருந்தார்களாம். அது ஆபத்தான கேள்வி, பதில் சொன்னவளுக்குத் தீங்கு வரலாம் என்று இம்முறை எடுத்துவிட்டார்கள். கருத்தை மட்டும் கேட்டால் போதும், கருத்தால் ஒருவருக்கும் காயம் வராது என்று பயிற்சியில் சொல்லப்பட்டது. அப்படியிருந்தும் ஒரு விதி உண்டு: ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே, தனியாக. என்ன கேட்கப்பட்டது என்பது அந்த வீட்டில் வேறு ஒருவருக்கும் தெரியக்கூடாது.

பயிற்சியின்போது இரண்டிரண்டு பேராக இருத்தி ஒருவரையொருவர் கேட்கவைத்தார்கள். தர்சிகா ஐந்துக்கும் ‘இல்லை, இல்லை’ என்று மூச்சுவிடாமல் சொன்னாள். எதிரே இருந்த குணலட்சுமிக்கு மூன்று பிள்ளைகள். அவள் படிவம் ஏற்றியிருந்த டப் கணினியைத் தட்டிக்கொண்டே, “கலியாணம் முடிக்காத ஆக்களின்ரை பதில் கெதியா வரும்” என்று சிரித்தாள். தன்னைக் கேட்டபோது மட்டும் இரண்டாம் கேள்வியில் கொஞ்சம் நின்று ஜன்னலைப் பார்த்துவிட்டு, “எட்டுப் போடன்” என்றாள்.

பிழை நடந்தது செப்டெம்பரில், வீடுகளுக்கு இலக்கம் ஒட்டிய நாளில். குருநகரில் கடலுக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில், ஒரே மதிலுக்குள் இரண்டு வீடுகள். முன்வீடு தாயுடையது, பின்வீடு மகளுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்தது. தாய் யசிந்தாவுக்கு நாற்பத்தேழு வயது. கணவன் யாகோப்பு கடலுக்குப் போய்த் திரும்பாமல் பதினொரு வருடம். மகள் லவீனாவுக்கு இருபத்தாறு. அவளுடைய கணவன் ஜெரிசனின் படகில்தான் இரண்டு வீடும் சாப்பிட்டன. ஒரே அடுப்பில் சமைத்து உண்கிறவர்கள் ஒரு வீடு என்பது ஆய்வுக்காரர்களின் கணக்கு. யசிந்தா வாசலில் நின்றபடியே பதில் சொன்னாள்.

“வளவுக்கை எத்தினை குடும்பம் அன்ரி?”

“ரெண்டு.”

“சமையல்?”

“அதுவும் ரெண்டு. அடுப்பு வேறை, குடும்பக் காட் வேறை. வேணுமெண்டால் காட்டைக் கொண்டுவாறன்.”

அதைப் பொய் என்று சொல்லமுடியாது. இடம்பெயர்ந்து பள்ளிக்கூடங்களில் படுத்த காலத்திலும், சுனாமி அடித்த காலத்திலும், கொரோனாவில் ஒழுங்கையை மறித்த காலத்திலும், கையில் படிவத்தோடு வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது அடுப்பைத்தான். ஓர் அடுப்புக்கு ஒரு பொதி. இரண்டு அடுப்புக்கு இரண்டு பொதி. ஆகவே படிவத்தைக் கண்டதும் யசிந்தாவின் வாயில் இரண்டு என்றுதான் வரும். கோவிலுக்குள் கால் வைத்ததும் நெற்றியில் கை போய்ச் சிலுவை போடுகிற மாதிரி அது. கோப்பாயில் தர்சிகாவின் அம்மாவும் சித்தியும் ஒரே குசினியில் சமைத்து, நிவாரணக்காரரிடம் இரண்டு என்று சொன்னதை அவளே பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள். அது தெரிந்திருந்தும், வெயிலுக்கு ஒதுங்கியபடி, முன்கதவில் 31 என்ற ஸ்டிக்கரையும் பின்கதவில் 32 என்ற ஸ்டிக்கரையும் ஒட்டிவிட்டு அடுத்த வளவுக்குப் போனாள். பிறகு கேள்வி கேட்கும் வீடுகளைத் தெரிவுசெய்யக் கொழும்பில் கணினி இழுத்த சீட்டில் இரண்டு இலக்கமும் விழுந்தன.

திங்கட்கிழமை யசிந்தா. அவள் கருவாட்டைப் புரட்டிப்போட்டுக்கொண்டே பதில் சொன்னாள். நான்கு கேள்விக்கும் ‘ஓம்’. ஐந்தாவதில் மட்டும் கை நின்றது.

“கருக்கினாலோ? மீன் கருகினால் நாய்க்குப் போடுறது, அதுக்கும் அடியோ? என்ரை மனிசன் சாப்பாட்டுக்கு ஒருநாளும் அடிச்சதில்லைப் பிள்ளை. மற்றதுகளுக்குத்தான்.” ஒரு கருவாட்டை எடுத்துப் புரட்டிப்போட்டாள். “இல்லை, ஓமெண்டே போடுங்கோ. ஒண்டை இல்லையெண்டால் எல்லாத்தையும் இல்லையெண்ட வேணும். பிறகு இவ்வளவு காலமும் வாங்கினதெல்லாம் என்னத்துக்கு?”

பதிலுக்கு முகம் காட்டக்கூடாது என்பது விதி. தர்சிகா ஐந்தாவது முறையாக ஒன்றைத் தட்டினாள். கேட்டதை ஒருவரிடமும் சொல்லவேண்டாம் என்று ஞாபகப்படுத்தினாள். “நான் ஆருக்குச் சொல்லப்போறன்” என்றாள் யசிந்தா.

செவ்வாய்க்கிழமை லவீனா. ஜெரிசன் கடலில் நின்றான். பெண்குழந்தை ஏணையில் நித்திரை. லவீனா கதிரை நுனியில் இருந்து, முதற்கேள்வியை முழுக்கக் கேட்டுவிட்டு, “நடக்கிறதைச் சொல்லுறதோ, நான் நினைக்கிறதைச் சொல்லுறதோ?” என்று கேட்டாள்.

“நினைக்கிறதை அக்கா.”

“அதை ஒருத்தரும் கேட்டதில்லை.”

அவள் யோசித்த நேரம் மிக நீண்டதாக இருந்தது. டப்பின் வெளிச்சம் மங்கி அணைந்து, தர்சிகா அதைத் தட்டி எழுப்பவேண்டியிருந்தது. பிறகு “இல்லை” என்றாள். இரண்டாவதற்கு அவ்வளவு நேரம் எடுக்கவில்லை. மூன்றாவது ‘இல்லை’யில் குரல் ஏறியிருந்தது. நான்காவதில் முகம் சிவந்தாலும் தலை குனியவில்லை. ஐந்தாவதைக் கேள்வி முடியுமுன்னமே சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு, கடையில் மிச்சக் காசுக்குக் காத்துநிற்பவள்போல் தர்சிகாவையே பார்த்தாள்.

“முடிஞ்சுதோ மிஸ்? வேறை கேள்வி இல்லையோ?”

“அவ்வளவுதான் அக்கா.”

“இன்னும் கேப்பியள் எண்டு நினைச்சன்.”

அடிபடும் பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் அச்சடித்த காட்டைத் தர்சிகா கொடுத்தாள். கிளினிக் நேர அட்டவணைபோல் தெரியும்படி, பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இலக்கம் போட்ட காட் அது. அப்போதுதான் முன்வீட்டிலிருந்து யசிந்தாவின் குரல் வந்தது. “லவீனா, சோறு வடிச்சிட்டன். அவருக்கு மூடி வைச்சிட்டு உனக்குப் போட்டுக்கொண்டு போ.” தர்சிகா எழுந்து பின்வீட்டுக் குசினிக்குள் எட்டிப் பார்த்தாள். வலைகளும் மீன் பெட்டிகளும் கூரைவரை அடுக்கியிருந்தன. மூலையில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, திரி ஏற்றிய அடையாளமே இல்லாமல் இருந்தது.

படிவத்தை அந்த இடத்திலேயே நிறுத்தி மேற்பார்வையாளர் பரமலிங்கம் சேருக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கேள்விகள் முடிந்துவிட்டன. இரண்டு பதிலும் வந்துவிட்டன. பெரிய தீங்கு ஒன்றுமில்லை என்று அவள் மனம் சொன்னது. மேலும் வகுப்புக்கு நேரமாகியிருந்தது. புதன்கிழமை உடுப்பிட்டியில் பத்து வீடு, பரமலிங்கம் சேர் கூட்டத்தில் இருந்தார் என்ற காரணமும் கிடைத்தது. நாளைய வேலை என்று எழுதியது அடுத்த பக்கத்துக்கும் நாளைய வேலையாகவே போனது.

வியாழக்கிழமை காலை சேர்தான் அழைத்தார்.

“தர்சிகா, குருநகர் முப்பத்திரண்டு உங்கடை வீடெல்லோ? அந்த வீட்டுக்காரர் ஸ்டிக்கரிலை இருக்கிற கந்தோர் இலக்கத்துக்குக் கோல் எடுத்தவர். நல்ல மரியாதையாக் கதைச்சார். மனிசி ஏதோ பிழையாச் சொல்லிப்போட்டாவாம். திருத்தவேணுமாம்.”

“எந்தப் பகுதி எண்டு சொன்னவரோ சேர்?”

“அந்த அஞ்சு கேள்வி எண்டவர்.”

“சேர், அஞ்சு கேள்வி எண்டு அவருக்கு என்னண்டு தெரியும்?”

மறுமுனையில் காகிதம் புரட்டும் ஓசை மட்டும் கேட்டது. “மனிசி சொல்லியிருக்கும். திருத்தாட்டில் மேலிடத்துக்கு முறைப்பாடு போகும் பிள்ளை. பதினாலு வருசத்திலை ஆக்கள் தாங்களாக் கூப்பிட்டுத் திருத்தச் சொல்லி நான் காணேல்லை. ஒருக்காப் போட்டு வாங்கோ.”

ஒழுங்கையில் ஸ்கூட்டியை நிறுத்தியபோது ஜெரிசன் மதிலோடு நீல நைலோன் வலையை விரித்துப்போட்டு இருந்து, கிழிந்த இடங்களை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தான். மெலிந்த, கண் இடுங்கிய இளைஞன். அவளைக் கண்டதும் எழுந்து, சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டான்.

“வாங்கோ மிஸ். வெயிலுக்கை அலைச்சுப்போட்டம், குறை நினையாதேங்கோ. லவீனா, கதிரையைத் துடைச்சுப் போடு. பிளேன்ரீ குடிக்கிறியளோ?”

“வேண்டாம் அண்ணை. இதைத் தனியத்தான் கேக்கவேணும்.”

“உங்கடை சட்டம் தெரியும். நான் வெளியாலைதானே இருக்கிறன்.” அவன் வலையை இழுத்துக்கொண்டு ஐந்தடி தள்ளி, திறந்த கதவுக்கு நேரே இருந்தான்.

லவீனாவின் இடது மணிக்கட்டில் ஈரச்சீலை சுற்றியிருந்தது. கீழுதடு ஒரு பக்கம் தடித்திருந்தது. தர்சிகா கேட்குமுன்னமே, “கிணத்தடியிலை வழுக்கிப்போட்டுது” என்று அவள் உரத்துச் சொன்னாள், வெளியே கேட்கவேண்டிய அளவுக்கு உரத்து. பிறகு ஏணைக்குப் பக்கத்தில் போய் இருந்து கயிற்றைப் பிடித்து ஆட்டத் தொடங்கினாள். குழந்தை நித்திரைதான். கூரை வளையில் கயிறு கிறீச்சிட்ட சத்தத்துக்குள் அவள் மெல்லக் கதைத்தாள். தர்சிகா டப்பில் சமையல் எண்ணெய், உப்பு என்று வேறொரு பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்து கேட்டாள்.

“செவ்வாய்க்கிழமை பின்னேரம். ஆறு மணி இருக்கும். அம்மா அவருக்குச் சோறு போட்டுக்கொண்டு நிண்டவ. மருமோன், ஒரு பகிடி கேளுங்கோ, மனிசியை அடிக்கிறது சரியோ எண்டு படிச்ச பிள்ளையள் வந்து கேக்குதுகள், நான் அஞ்சுக்கும் ஓமெண்டு சொல்லிப்போட்டன் எண்டா. அவரைச் சந்தோசப்படுத்தச் சொன்னது மிஸ். அவரும் சிரிச்சவர். சிரிச்சிட்டு என்னைப் பாத்து, நீ என்ன சொன்னனீ எண்டு கேட்டார்.”

ஆறு மணிக்குத் தர்சிகா வகுப்பில் மின்விசிறிக்குக் கீழே இருந்து அளவீட்டு வழுவைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள்.

“நீங்கள் ஓமெண்டு சொல்லியிருக்கலாமே அக்கா?” சொன்னபின்தான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கு உறைத்தது.

“மாதாவின்ரை படத்திலை கையை வைச்சுச் சொல்லச் சொன்னவர். மாதாவிலை கையை வைச்சு என்னண்டு பொய் சொல்லுறது?” கயிறு ஒருமுறை போய் வந்தது. “அடிக்கிறது புதிசோ மிஸ்? சுவருக்கு அங்காலை அம்மாவுக்குத் தெரியும். ஒழுங்கை முழுக்கத் தெரியும். அது அவருக்கு வெக்கமில்லை. நான் அது பிழையெண்டு நினைக்கிறன் எண்டதுதான் தாங்கேலாமல் போச்சு. இவ்வளவு நாளும் உள்ளுக்கை இதையோ வைச்சுக்கொண்டிருந்தனீ எண்டு கேட்டுக் கேட்டு…”

வெளியே வலையூசி ஓடும் சத்தம் நிதானமாக வந்துகொண்டிருந்தது.

“மாத்தினமாதிரிக் காட்டிப்போட்டு மாத்தாமல் விடலாம் அக்கா. நான் செய்வன்.”

“ஏலாது. இண்டைக்கும் படத்திலை கை வைக்கவேணும். என்ன சொன்னனீ, அந்தப் பெட்டை என்ன எழுதினவள் எண்டு கேப்பார். மெய்யாவே மாத்துங்கோ.”

“அந்தக் காட்…”

“பிள்ளையின்ரை பால்மாத் தகரத்துக்கை கிடக்குது. கோல் எடுத்தால் வீட்டை விட்டு வாங்கோ எண்டுதானே சொல்லுவினம்? இது என்ரை வீடு மிஸ். எனக்குக் கட்டித் தந்தது. வெளிக்கிடவேண்டியது நானோ?” ஏணைக் கயிற்றை விட்டுவிட்டு அவள் நிமிர்ந்து இருந்தாள். குரலை உயர்த்தினாள். “கேளுங்கோ மிஸ்.”

திருத்துவதானாலும் கேள்வியை முழுதாக மறுபடி வாசிக்கவேண்டும் என்பது விதி. தர்சிகா வாசித்தாள். தன் குரல் யாருடையதோ போல் கேட்டது. ஒவ்வொரு கேள்வியின் முடிவிலும் வெளியே ஊசி நின்றது. “ஓம்” என்ற சொல் வந்தபின் மறுபடி ஓடியது. நான்காவதில் லவீனா கண்ணை மூடிக்கொண்டாள். ஐந்தாவதை, சாப்பாட்டைக் கருக்கிவிட்டால் என்பதை, தர்சிகா வாசிக்கையில் முன்வீட்டில் அடுப்படியில் பாத்திரம் தட்டுப்படும் சத்தமும் நின்றுபோயிருந்தது. இரண்டு பக்கமும் காது கொடுத்துக்கொண்டிருக்க, நடுவில் இருந்து லவீனா “ஓம்” என்றாள். செவ்வாய்க்கிழமை போலவே இந்தக் கடைசிப் பதிலும் விரைவாகத்தான் வந்தது.

பதிலை ஏன் மாற்றுகிறீர்கள் என்று டப் கேட்டது. மூன்று தெரிவுகள் இருந்தன. பதிலளித்தவர் திருத்தினார். கள அலுவலரின் பிழை. வேறு. தர்சிகா இரண்டாவதைத் தட்டினாள். அன்றைக்கு அந்த வீட்டில் பதிந்தவற்றுள் உண்மை என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

“முடிஞ்சுதோ மிஸ்?” ஜெரிசன் எழுந்து வந்தான். முகத்தில் கோபத்தின் தடம்கூட இல்லை. ஒரு வேலை ஒழுங்காக முடிந்த களைப்புத்தான் இருந்தது. “பிழையெண்டால் திருத்தத்தானே வேணும். பொறுங்கோ, ரெண்டு விளைமீன் சுத்தித் தாறன்.”

“நவராத்திரி அண்ணை. வீட்டிலை மீன் மச்சம் இல்லை.”

“ஓ, மறந்துபோனன்” என்று அவன் உண்மையாகவே வருந்தினான்.

கேற்றடியில் யசிந்தா நின்றாள். கைகளில் முழங்கைவரை சாம்பல். தர்சிகாவின் ஸ்கூட்டிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் திரும்பாமல் கதைத்தாள்.

“பிள்ளை, என்ரையை மாத்தேலுமோ?”

“நீங்கள் பிழையாச் சொன்னனீங்களோ அன்ரி?”

“அவள் இல்லையெண்டு சொன்னது எனக்குத் தெரியாதே. தெரிஞ்சால் நான் வாயைத் திறந்திருப்பனோ?” அவளுடைய கைச்சாம்பல் கண்ணாடியில் ஒட்டியது. “என்ரை பிள்ளை அப்பிடி நினைச்சுக்கொண்டிருக்கிறாள் எண்டு எனக்கே தெரியாது. அவள் சொன்னதை அவளைக்கொண்டு அழிச்சாச்சு. என்ரையை எண்டாலும் இல்லையெண்டு போடுங்கோ. எனக்கு அடிக்க ஆர் இருக்கினம் இனி?”

“கேட்டுப் பாக்கிறன் அன்ரி.”

“எல்லாத்தையும் ஏலாதெண்டால் ஒண்டை மட்டும். அந்தச் சாப்பாட்டுக் கேள்வியை எண்டாலும்.”

கந்தோரில் தர்சிகா எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள்: அடுப்பு, ஸ்டிக்கர், சோறு, மாதாவின் படம், மணிக்கட்டு. பரமலிங்கம் சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார். கெட்ட மனிதர் அல்ல. இடையில் ஒருமுறை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். இப்படியானவற்றை அறிவிக்க வேறு படிவம் இருக்கிறது, ஆனால் அதில் அந்தப் பெண் ஒப்பமிட வேண்டும், அவள் சம்மதிக்காமல் நாங்கள் ஒருவருக்கும் சொல்லக்கூடாது, அதுவும் அவளுடைய பாதுகாப்புக்குத்தான் என்றார். சம்மதித்தாளா என்று கேட்டார். தர்சிகா இல்லை என்று தலையாட்டினாள்.

“அடுப்பு ஒண்டெண்டால் வீடும் ஒண்டுதான். ரெண்டையும் சேக்கவேணும். சேத்தால் ரெண்டு பொம்பிளையள். அட்டவணையைப் பாருங்கோ.”

ஒரு வீட்டில் எந்தப் பெண்ணைக் கேட்பது என்று சொல்லும் அட்டவணை அது. வீட்டு இலக்கத்தின் கடைசி எண்ணும் பெண்களின் எண்ணிக்கையும் சந்திக்கும் கட்டத்தில் ஒன்று என்று இருந்தது. ஒன்று என்றால் வயதில் மூத்தவள். யசிந்தாவின் படிவம் நிற்கும். லவீனாவின் படிவம் முழுதாக நீக்கப்படும். செவ்வாய்க்கிழமை சொன்னதும் வியாழக்கிழமை சொன்னதும் சேர்ந்தே போகும்.

“யசிந்தா அன்ரி தன்ரை பதிலை மாத்தவேணும் எண்டவ சேர். ஒண்டை எண்டாலும்.”

“அது நேற்றே கொழும்புக்குப் போட்டுது. பூட்டியாச்சு.” அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். அவளைத் தேற்றவேண்டும் என்று நினைத்திருப்பார். “ஏன் பிள்ளை கவலைப்படுறியள்? ரெண்டிலையும் அஞ்சும் ஓம்தானே இருக்கு. ஆரை வைச்சாலும் ஒண்டுதான்.”

“முதல் இல்லையெண்டு சொன்னவ சேர்.”

“அது திருத்தினதெல்லோ.”

மாலையில் வகுப்புக்கு அவள் நேரத்தோடேயே போய்விட்டாள். மின்விசிறியைப் போடாமல் கடைசி வாங்கில் இருந்து கொப்பியை விரித்தாள். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் அழிறப்பர் தேய்த்த இடம் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிந்திருந்தது. இந்த நேரம் லவீனா படத்தில் கையை வைத்திருப்பாளோ, வைத்து முடிந்திருக்குமோ என்று நினைத்தாள். அவள் பொய் சொல்லவேண்டி வராது. அந்த மட்டில் வேலை ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது. அறிக்கை வெளிவரும்போது விரிவுரையாளர் அதை வகுப்புக்குக் கொண்டுவருவார், யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு இத்தனை பெண்கள் இதை நியாயம் என்கிறார்கள் என்று பலகையில் எழுதுவார். அந்த எண்ணுக்குள் ஒருத்தியின் கை சாம்பலாக இருந்தது என்பதும், இன்னொருத்தி அதற்குள் இல்லவே இல்லை என்பதும் எந்தப் பத்தியிலும் வராது. தானே முதல் வரிசையில் இருந்து அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளவும் கூடும் என்று அவளுக்குத் தோன்றியது.

பேனாவைத் திறந்தாள்.

2024 ஒக்டோபர் 10, வியாழக்கிழமை.
பிழை: செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் ‘சிறியது’ என்று எழுதியது.
காரணம்:

அந்த இடத்தில் பேனா நெடுநேரம் நின்றது. மை ஊறி ஒரு பொட்டாகியது. மற்ற மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து கதிரைகளை இழுத்துப்போட்டு இருந்தார்கள். யாரோ மின்விசிறியைப் போட, தாள் படபடத்தது. அவள் அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

நாளைய வேலை: ஒன்பதரைக்குக் கொடிகாமம். பதினெட்டு வீடுகளுக்கு இலக்கம் ஒட்டுதல். ஒட்டுமுன் ஒவ்வொரு குசினிக்குள்ளும் போய் அடுப்பைக் கண்ணால் பார்த்தல்.
அதற்கு முன், எட்டு மணிக்குக் குருநகர். பின்வீட்டுக் கதவிலிருந்து 32 ஸ்டிக்கரை உரித்தெடுத்தல்.